ஒரு மாத மாத்திரை என்றால் எத்தனை?

டி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டயம் படித்துவிட்டு 500 மணி நேரப் பயிற்சிக்காக எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பிள்ளைகளை மருந்து ஜன்னலில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பது என் வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தவறுகளையே, அன்று எனக்கிருந்த அதே தைரியத்தோடு செய்கிறார்கள். காலாவதித் தேதியைப் பார், பெயர் ஒத்த மாத்திரைகளைக் குழப்பிக்கொள்ளாதே என்பதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். யாரும் சொல்லித் தராதது எண்ணிக்கை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தடவையில் எத்தனை மாத்திரை கொடுப்பது?

கை தானாக 30 எண்ணுவது

சீட்டில் 'ஒரு மாதம்' என்று இருக்கும். பத்து மாத்திரை அட்டை மூன்றை எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது. வரிசையும் வேகமாக நகரும்.

ஆனால் நோயாளி திரும்பி வருவது முப்பதாம் நாள் அல்ல. எங்களிடம் ஊர் ஊராகப் பிரித்துக் கிழமை வைத்திருக்கிறோம். ஓர் ஊருக்கு மாதத்தின் முதல் செவ்வாய், இன்னோர் ஊருக்கு இரண்டாம் செவ்வாய். ஒரு முதல் செவ்வாய்க்கும் அடுத்த முதல் செவ்வாய்க்கும் இடையே 28 நாள் இருக்கும், இல்லையென்றால் 35 நாள் இருக்கும். 30 நாள் ஒருபோதும் இருக்காது. 2025 காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் முதல் செவ்வாய் 1ஆம் தேதி, மே மாதத்தில் 6ஆம் தேதி. ஏப்ரல் 2 காலையில் தொடங்கினால் முப்பதாவது மாத்திரை மே 1 அன்று தீர்ந்துவிடும். அதன் பிறகு ஐந்து காலைகள் வெறும் வயிற்றில் காபி மட்டும்தான்.

28 நாள் மாதங்களில் இரண்டிரண்டு மிஞ்சுமே, அது ஈடுகட்டாதா என்று ஒரு பையன் கேட்டான். கணக்குப்படி பாதி சரி. ஆனால் மிஞ்சியவை அந்த வீட்டில் இருக்க வேண்டுமே! ஒன்று சமையலறை அலமாரியில் பூண்டுக்குப் பின்னால் கிடக்கும்; இன்னொன்று, 'எனக்கும் தலை சுற்றுகிறது' என்ற பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

எனக்கு இது தெரியவந்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது. அம்லோடிபின் 5 மில்லிகிராம், அட்டினோலால் 50 மில்லிகிராம் என்று இரண்டு பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா. வயது அறுபதுக்கு மேல். இரண்டிலும் மும்மூன்று அட்டை கொடுத்தது நான். 35 நாள் கழித்து வந்தார், பிரஷர் 180/110. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். "தினமும் தவறாமல் சாப்பிடுகிறேன்" என்றார் அந்த அம்மா. பொய்யில்லை, இருந்தவரை தவறாமல்தான் சாப்பிட்டிருந்தார். அட்டினோலாலைச் சட்டென்று நிறுத்தினால் நாடித்துடிப்பும் பிரஷரும் துள்ளி எழும். மருத்துவருக்குத் தெரிந்தது 180/110 மட்டும். அம்லோடிபினை 10 ஆக்கினார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் விடியற்காலையில் எழுந்தவர் தலை சுற்றிக் கொல்லைப்புறப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கையில் புத்தூர் கட்டோடு ஜன்னலுக்கு வந்து, "தம்பி, இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடு, போன தடவை தீர்ந்துபோய்விட்டது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தேவைப்பட்டது பெரிய மாத்திரை இல்லை. அதே மாத்திரையில் இன்னும் ஐந்து.

மாத்திரை குறைந்தால் முன்கூட்டியே வந்து வாங்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு நாள் கூலியின் அருமை தெரியாது. வரமாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவார்கள், பாதியாக உடைப்பார்கள், நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

ஆகவே 'மாதம்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அடுத்து வரப்போகும் தேதியைக் கேளுங்கள், ஜன்னலோரம் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள், நாளை எண்ணுங்கள். அந்தச் செவ்வாய் பொங்கலிலோ தீபாவளியிலோ விழுகிறதா என்றும் பாருங்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்துக் கொடுக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிடங்கிலிருந்து மருந்து கேட்டு இண்டென்ட் போடும்போதும் இதே கணக்குதான். 35 நாள் மாதத்துக்கு ஆளுக்கு 30 என்று போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் ஸ்டாக் இல்லை என்று கையை விரிக்கக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே அளவு

மாற்றாமல் ஓராண்டாக ஒரே மாத்திரை சாப்பிடுகிறவரும், இன்றுதான் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையில் 1 மில்லிகிராமிலிருந்து 2க்கு மாறியவரும் ஒன்றல்ல. இரண்டாமவருக்கு இரண்டு வாரம் போதுமா என்று மருத்துவரைக் கேட்பது நம் வேலை. பழைய அட்டை வீட்டில் எத்தனை மிச்சம் என்று அவரிடம் கேட்பதும் நம் வேலைதான். இல்லையென்றால் 1, 2 இரண்டையும் சேர்த்து விழுங்கிச் சர்க்கரை இறங்கி மயங்குவார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதில் எனக்குப் பிடித்த விஷயம் இது: தன்னார்வலர் வீட்டுக்கே போவதால் டப்பாவுக்குள் என்ன கிடக்கிறது என்று யாராவது ஒருவர் பார்க்க முடிகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர் இரண்டு மாதத்துக்குக் கேட்டால் 'சட்டம் இல்லை' என்று முகத்தைத் திருப்பாதீர்கள். மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். நோட்டில் மருந்தின் பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

இன்சுலினை யூனிட்டால் வகுப்பது

10 மில்லி குப்பியில் 400 யூனிட். நாளுக்கு 10 யூனிட் போடுகிறவருக்கு 40 நாள் வரும் என்று கணக்குப் போட்டு ஒரு குப்பி கொடுப்பார்கள். திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நாமே சொல்லி அனுப்புகிறோம். ஃப்ரிட்ஜ் இல்லாமல் மண்பானையில் வைத்திருக்கும் வீடுகள் வேறு. கணக்குச் சரி, மருந்து கெட்டுப்போயிருக்கும்.

மனநல மாத்திரை

எண்ணிக்கையை மருத்துவர் காரணத்தோடுதான் குறைத்திருப்பார். கூட்டாதீர்கள்.

மீத்தோட்ரெக்ஸேட்

மூட்டுவாதத்துக்குத் தரும் இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். 30 எண்ணினால் உயிருக்கு ஆபத்து.

பழைய சீட்டு

தனியார் கடைக்குப் போகிறவர்களுக்கு: மருந்து விதிகள் 1945, விதி 65. திரும்பத் தரலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஒரு தடவைதான்.

கத்தரிக்கோல்

35 கொடுக்க நான்காவது அட்டையைப் பாதியாக வெட்ட வேண்டும். தேதி அச்சிட்ட முனை இரண்டு பாதியில் ஒன்றுக்குத்தான் போகும். அது நோயாளிக்குப் போகட்டும், ஜன்னலில் மிஞ்சும் பாதியில் தேதியைப் பேனாவால் எழுதி, முதலில் அதைத் தீருங்கள். இதற்காகவே ஒரு கத்தரிக்கோலை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். போன வாரம் விடுப்பு முடிந்து வந்து பார்த்தால் கயிறு மட்டும் தொங்கியது. மாத்திரைகள் மும்மூன்று அட்டையாகப் போய்க்கொண்டிருந்தன.