மெனு திரையில் மட்டும் அணைந்த கணினி

புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய நாளிலிருந்து, விளையாட்டைத் திறந்தால் கணினி சட்டென்று அணைந்து மீண்டும் தொடங்கியது. பிழை நேர்ந்தால் விண்டோஸ் காட்டும் நீலத் திரை இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கிடைத்தது ஒரே வரி: கெர்னல் பவர் 41. கணினி முறையாக நிறுத்தப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அடியோடு நீக்கி மறுபடி நிறுவினேன். ராமை இரவு முழுக்கச் சோதித்தேன். ஒரு பிழைகூட இல்லை. வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டவில்லை. நான்கு நாட்கள் இப்படியே கழிந்தன.

பிறகுதான் உறைத்தது: கடும் சண்டைக் காட்சிகளைக் கணினி தாங்கியது, வெறும் மெனு திரையில்தான் அணைந்தது. நொடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்ற ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டச் செய்தேன். விளையாட்டில் 80, மெனுவில் 900! வரம்பு இல்லாததால் கார்டு அங்கேதான் உச்ச மின்சாரத்தை இழுத்திருக்கிறது. 60 என்று வரம்பு வைத்ததும் அணைவது நின்றது. ஆக, கோளாறு இருப்பது மின்சாரம் வரும் பாதையில்.

பக்கப் பலகையைக் கழற்றினேன். கார்டில் 8 பின் (ஊசி) கொண்ட மின் இணைப்புகள் இரண்டு. இரண்டிலும் நான் செருகியிருந்தவை ஒரே கேபிளின் இரட்டைத் தலைகள். ஓர் இணைப்புக்கு 150 வாட் என்பது கணக்கு. இரண்டின் சுமையும் ஒரே கேபிளில் ஏறியிருந்தது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையோடு வந்த இரண்டாவது கேபிளைத் தனியாக இழுத்துப் பொருத்தினேன். (வேறு பவர் சப்ளையின் கேபிளைச் செருகவே கூடாது. தலை பொருந்தினாலும் பின்களின் வரிசை மாறியிருக்கலாம், பாகங்கள் எரிந்துவிடலாம்.)

வரம்பை நீக்கி, மெனுவிலேயே இரண்டு மணி நேரம் விட்டுவைத்தேன். அணையவில்லை. அப்பாடா என்றிருந்தது.