சுவீடன் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையைத் தமிழில் எழுதுவது எப்படி: கிம் ஷெல்ஸ்ட்ரோமை முன்வைத்து

ஐரோப்பியக் கால்பந்தாட்டக்காரர்களைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகக் கட்டுரைகளில் முன்கள ஆட்டக்காரர்களுக்கே பெரும்பங்கு கிடைக்கிறது. கோல்களை எண்ணி ஆண்டுவாரியாக அடுக்கி, நடுவே இரண்டு மூன்று பெரிய ஆட்டங்களை விவரித்துவிட்டால் அவர்களைப் பற்றிய கட்டுரை ஏறக்குறையத் தானாகவே அமைந்துவிடுகிறது. நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த வசதி இருக்காது. சுவீடன் அணிக்காக 2001 முதல் 2016 வரை 131 ஆட்டங்கள் ஆடிய கிம் ஷெல்ஸ்ட்ரோம் அவற்றில் அடித்த கோல்கள் 16. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கும் வாசகருக்கு, அடுத்தடுத்து வந்த பயிற்றுநர்கள் இவரை ஏன் பதினைந்து ஆண்டுகள் விடாமல் தேர்ந்தெடுத்தார்கள் என்ற ஐயம்தான் எழும். அந்த ஐயத்தைத் தீர்க்கும் கட்டுரையை எழுதுவதற்கான வழிமுறையே இது.

ஷெல்ஸ்ட்ரோமை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து நாடுகளின் லீக்குகள், ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பருவக் கணக்குகள், சில மாதக் கடன் ஒப்பந்தம், பாதி மட்டும் சொந்தம் என்று சொல்லத்தக்க ஒரு கோப்பை, பழைய கழகத்துக்கே திரும்பிய கடைசிப் பருவம் என, இவ்வகைக் கட்டுரையில் வரக்கூடிய சிக்கல்கள் அனைத்தும் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் இருக்கின்றன.

பெயர்

முதல் வரியை எழுதுவதற்கு முன் பெயரின் ஒலிப்பைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுவீடிய மொழியில் 'கே' என்ற எழுத்துக்குப் பின் இ, எ, இரு புள்ளி வைத்த 'ஏ' போன்ற உயிர்கள் வந்தால் அது பொதுவாகக் ககரமாக ஒலிப்பதில்லை. நம் 'ஷ'வுக்கு அருகிலான ஒலியாக மாறிவிடுகிறது. ஆகவே ஆங்கில வர்ணனையாளர்கள் 'கால்ஸ்ட்ரோம்' என்று சொல்லிப் பழகிய குடும்பப் பெயர் சுவீடனில் 'ஷெல்ஸ்ட்ரோம்' ஆகிறது. அதே விதிப்படி முதற்பெயரை 'ஷிம்' என்று எழுதத் தோன்றும்; எழுதிவிடக் கூடாது, ஏனெனில் அப்பெயர் விதிவிலக்காக ககரத்தோடேயே ஒலிக்கிறது. பெயரின் இறுதியிலுள்ள உயிர், உதட்டை 'ஒ'வுக்குக் குவித்துக்கொண்டு 'எ' சொல்வதைப் போன்றது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் 'ஸ்ட்ரோம்' என்று எழுதி நிறைவடைய வேண்டியதுதான்.

அவர் ஆடிய ஸ்டாக்ஹோம் கழகத்தின் பெயரும் இதே வகையில் ஏமாற்றும். எழுத்தைப் பார்த்துப் 'டியூர்கார்டன்' என்று எழுதுவோர் பலர். ஆனால் முதலில் உள்ள 'டி' ஒலிப்பதில்லை. வளையம் வைத்த 'ஏ' ஓகாரமாக ஒலிக்கும். ஆகவே அது யூர்கோர்டென். ஆர்சனல் கழகத்தின் வழியாக நம் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான ஃப்ரெட்ரிக் 'லுங்பெர்க்'கின் பெயரும் அவருடைய நாட்டில் 'யுங்பெரி' என்றே ஒலிக்கிறது. இவ்விதிகளை ஊர்ப்பெயர்கள் வரை இழுத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோதன்பர்க் என்று தமிழில் ஏற்கெனவே வழங்கும் நகரத்தை 'யோத்தெபொரி' என்று எழுதினால் ஒலிப்பு சரியாக இருக்கும், ஆனால் எந்த ஊர் என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும். ஆள்பெயருக்கு அவரவர் நாட்டு ஒலிப்பையும், பழகிய ஊர்ப்பெயருக்குப் பழகிய வடிவத்தையும் கொண்டு, தேடி வருபவர்களுக்காக ஆளின் மற்றொரு வடிவத்தை முதல் பத்தியில் ஒரு முறை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

பருவங்களை வரிசைப்படுத்துதல்

பெயருக்கு அடுத்தது அட்டவணை. கட்டுரையில் அட்டவணை இடம்பெறாவிட்டாலும், எழுதுபவர் தமக்கென ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொண்டே எழுத வேண்டும். சுவீடனின் முதல்நிலை லீக்கான அல்ஸ்வென்ஸ்கான் வசந்த காலத்தில் தொடங்கி அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் முடிவடைகிறது. குளிர்காலத்தில் அங்கே ஆட்டம் இல்லை. பிரான்சு, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து லீக்குகள் கோடையின் முடிவில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதவாக்கில் முடிகின்றன. ஆகவே சுவீடிய வரிசைகளில் '2002', '2003' என்ற ஒற்றை ஆண்டும், பிரெஞ்சு வரிசைகளில் '2006-07' போன்ற இரட்டை ஆண்டும் வரும். இவ்வேறுபாட்டை விளக்காமல் விட்டால், 2003 பருவத்தை யூர்கோர்டெனில் முழுமையாக ஆடி முடித்தவர் '2003-04' பருவத்தில் ரென் கழகத்திலும் எப்படி ஆடினார் என்று வாசகர் குழம்புவார். 2004 ஜனவரியில், பிரெஞ்சுப் பருவம் பாதி கடந்திருந்த நிலையில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்ற ஒரே வாக்கியம் அந்தக் குழப்பத்தை நீக்கிவிடும்.

ஆட்ட எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது லீக்கின் நீளத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் யூர்கோர்டெனில் இருந்த காலத்தில் அல்ஸ்வென்ஸ்கானில் 14 அணிகள். ஒரு பருவத்தில் 26 ஆட்டங்கள். அப்போது பிரான்சில் 20 அணிகள், 38 ஆட்டங்கள். அவர் ஆடிய காலத்தில் பத்தே அணிகள் கொண்டிருந்த சுவிட்சர்லாந்திலோ ஒவ்வொரு அணியும் மற்றதை நான்கு முறை எதிர்கொண்டு 36 ஆட்டங்கள் ஆடியது. ஒரு பருவத்தில் 24 லீக் ஆட்டங்கள் ஆடினார் என்றால் சுவீடனில் அவர் ஏறத்தாழ எல்லா வாரமும் ஆடினார் என்று பொருள். அதே எண் பிரான்சில் வந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களில் அவர் களத்தில் இல்லை என்று பொருள்.

லீக் ஆட்டங்கள் மட்டுமா, கோப்பை ஆட்டங்களும் சேர்த்தா என்பதையும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள். விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டி உள்நாட்டு லீக் ஆட்டங்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. கழகங்களின் தளங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கின்றன. ஷெல்ஸ்ட்ரோம் ஆர்சனலுக்காக 3 ஆட்டங்கள் ஆடினார் என்பதும் சரி, 4 ஆட்டங்கள் ஆடினார் என்பதும் சரி. இரண்டையும் ஒரே கட்டுரையில் விளக்கமின்றி எழுதுவதுதான் தவறு.

எண்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல்லையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் நாட்டு அணிக்காக ஆடிய ஆட்டங்களைத் தொப்பிக் கணக்கில் சொல்வது பழைய வழக்கம். அதை அப்படியே இறக்கி '131 தொப்பிகளைப் பெற்றார்' என்று எழுதியதை நானே தமிழில் படித்திருக்கிறேன். 'நாட்டு அணிக்காக 131 ஆட்டங்கள் ஆடினார்' என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கோல் எண்ணிக்கைக்குப் பின்னால்

இனி, கட்டுரையின் உடல். 1982 ஆகஸ்ட் 24 அன்று எஃகு ஆலை நகரமான சாண்ட்விக்கெனில் பிறந்தார், கோதன்பர்க்கை ஒட்டிய பார்த்தில்லேயில் ஆடத் தொடங்கினார், அந்நகரின் ஹெக்கென் கழகத்தில் முதல்நிலை ஆட்டத்துக்கு வந்தார் என்ற செய்திகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். நிறுத்தி எழுத வேண்டிய முதல் இடம் 2002. அந்த ஆண்டு யூர்கோர்டென் லீக் பட்டத்தையும் சுவீடியக் கோப்பையையும் சேர்த்து வென்றது. 1966க்குப் பிறகு அக்கழகத்துக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம் அது. மறு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. அப்போது அவருக்கு இருபது, இருபத்தொரு வயது. இடது காலால் தொலைவிலிருந்து பலமாக உதைப்பவராகவும், ஃப்ரீ கிக்குகளை எடுப்பவராகவும், முன்களத்துக்கு அடிக்கடி ஏறிச் செல்லும் நடுக்கள ஆட்டக்காரராகவும் அவர் விளங்கினார்.

2006இல் அவர் லியோனுக்குப் போனதும் கதை திரும்புகிறது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றிருந்த அணி அது. அவர் சேர்ந்த பின் 2007, 2008 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 2008இல் பிரெஞ்சுக் கோப்பையையும் சேர்த்து வென்று, கழக வரலாற்றில் முதன்முறையாக இரட்டைப் பட்டம் பெற்றது. ஆனால் அங்கே ஃப்ரீ கிக் எடுக்கும் உரிமை ஜூனின்யோவிடம் இருந்தது. அந்தப் பிரேசில் ஆட்டக்காரர் லியோனுக்காக ஃப்ரீ கிக்கில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர். அவர் 2009இல் விலகும் வரை, பெனால்டி பெட்டிக்கு வெளியே கிடைக்கும் நல்ல வாய்ப்புகளில் பந்தருகே நிற்கும் உரிமை வேறொருவருக்குக் கிடைப்பது அரிதாகவே இருந்தது. ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் கோல்கள் குறைவாகத் தெரிந்தால், 'ஆட்டத்திறன் குறைந்தது' என்று எழுதுவதற்கு முன், அந்த அணியில் ஃப்ரீ கிக், கார்னர் போன்ற நிலைப்பந்துகளை யார் எடுத்தார்கள், இவருடைய இடம் களத்தில் எவ்வளவு பின்னால் நகர்ந்தது என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கு முழு ஆட்டங்களைப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. கோல் தொகுப்புக் காணொளிகள் நடுக்கள ஆட்டக்காரரைப் பொறுத்தவரை பயனற்றவை, ஏனெனில் அவர் செய்யும் வேலை கோலுக்கு இரண்டு மூன்று பாஸ்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பந்து எங்கே போனாலும் அதை விட்டுவிட்டு, இருபது நிமிடங்கள் அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாரா, முதல் தொடுதலில் பந்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறார், இடது காலுக்கு வசதியில்லாத நிலையில் பின்னால் தட்டிவிடுகிறாரா, எதிரணி பந்தைப் பறித்ததும் எவ்வளவு தொலைவு ஓடி இறங்குகிறார் என்று குறித்துக்கொண்டால், கட்டுரையின் நல்ல வாக்கியங்கள் அந்தக் குறிப்பிலிருந்துதான் கிடைக்கும்.

லியோன் ஆறு பருவங்களை எழுதும்போது பட்டங்களை மட்டும் அடுக்கினால் முதல் இரண்டு பருவங்களோடு கட்டுரை நின்றுவிடும். அணி 2010இல் ரியல் மாட்ரிடை வெளியேற்றி, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்று பயர்ன் மியூனிக்கிடம் தோற்றதையும், 2012இல் மீண்டும் பிரெஞ்சுக் கோப்பையை வென்றதையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிந்தைய ஸ்பார்ட்டாக் மாஸ்கோ காலத்தைச் சுருக்கலாம். அவர் சேர்ந்த 2012 கோடையில் பயிற்றுநராக இருந்த உனாய் எமெரி அந்த ஆண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டார். அங்கே கோப்பை எதுவும் கிடைக்கவில்லை.

கடன் ஒப்பந்தம்

கடனில் செல்வது விற்பனை அன்று. ஆட்டக்காரர் பழைய கழகத்துக்கே சொந்தமாக இருந்துகொண்டு, குறித்த காலத்துக்கு மட்டும் மற்றொரு கழகத்துக்கு ஆடுகிறார். ஆகவே 'ஸ்பார்ட்டாக்கை விட்டு ஆர்சனலுக்கு மாறினார்' என்று எழுதினால் பிழை. 2014 ஜனவரி இறுதி நாளில் கடன் ஒப்பந்தம் முடிவாகும் வேளையில் அவருடைய முதுகெலும்பில் சிறு முறிவு இருப்பது மருத்துவச் சோதனையில் தெரியவந்தது. வேறு ஆளைத் தேட நேரமில்லாததால் ஆர்சனல் அவரை எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டம் ஆட மார்ச் 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிரணி ஸ்வான்சி, முடிவு 2-2.

ஏப்ரல் 12 அன்று வெம்பிளியில் விகன் அணியுடனான இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அவர், 1-1 என்று நின்ற ஆட்டத்தின் பெனால்டி சுற்றில் ஆர்சனலின் இரண்டாவது உதையை கோலாக்கினார். ஆர்சனல் 4-2 என வென்று, மே மாதம் ஹல் சிட்டியை 3-2 எனத் தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்தது. இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. இந்தக் கோப்பையை அவருடைய பட்டியலில் மொட்டையாகச் சேர்ப்பதும், ஒன்றுமே இல்லாததுபோல் விடுவதும் பொருந்தாது. 'அரையிறுதியில் ஆடி பெனால்டி அடித்தார். இறுதியில் ஆடவில்லை' என்று நடந்ததை எழுதிவிட்டால், பட்டியலில் சேர்ப்பதா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

மூன்று உதைகள்

நாட்டு அணிப் பகுதியை ஆண்டுவாரியாக எழுதினால் அலுப்புத் தட்டும். 2004, 2008, 2012, 2016 ஐரோப்பியக் கோப்பைகள், 2006 உலகக் கோப்பை என்று போட்டிகளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஒரே வகையான இரண்டு மூன்று தருணங்களைத் தேர்ந்தெடுத்து விரித்து எழுதுவதே எனக்குப் பிடித்த வழி. ஷெல்ஸ்ட்ரோமைப் பொறுத்தவரை அவை பெனால்டிகள். 2004 ஜூன் 26, போர்ச்சுகலின் ஃபாரோ நகரம், நெதர்லாந்துடனான காலிறுதி 0-0. சுவீடனுக்காக முதல் உதையை எடுக்க நடந்து சென்றவர் 21 வயது ஷெல்ஸ்ட்ரோம். அவர் அடித்தார், இப்ராகிமோவிச் தவறவிட்டார், மெல்பெரியின் உதை தடுக்கப்பட்டது, அணி 4-5 எனத் தோற்றது. 2009 ஜூன் 6, சுவீடனின் தேசிய நாள், ஸ்டாக்ஹோமை ஒட்டிய ரோசுண்டா அரங்கில் டென்மார்க்குடனான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். அவருடைய பெனால்டியை டென்மார்க் கோல்காப்பாளர் தாமஸ் சோரென்சன் தடுத்தார். சுவீடன் 0-1 எனத் தோற்று, இறுதியில் 2010 உலகக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. ஆர்சனலுக்காக எடுத்த வெம்பிளி உதை மூன்றாவது.

இவற்றில் ரோசுண்டாவை விட்டுவிடும் கட்டுரைகளே மிகுதி. விடக் கூடாது என்பது என் கருத்து. இருபத்தாறு வயதில் சொந்த மண்ணில், அண்டை நாட்டுக்கு எதிராக அப்படித் தவறவிட்டவர், ஐந்து ஆண்டுகள் கழித்து, முதுகு சரியாக ஆறிய சில வாரங்களில், தம்முடையதல்லாத அணிக்காகப் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தார் என்பது அவரைப் பற்றி 16 கோல்களை விட அதிகம் சொல்கிறது. ஆனால் அந்த ஒப்பீட்டை நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டாம். மூன்று தேதிகளையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

சுவீடனுக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற சாதனையை எழுத நேர்ந்தால் 'ஆண்கள்' என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். ஆந்தெஷ் ஸ்வென்சன் 148 ஆட்டங்களுடன் முதலிடத்தில் இருப்பது ஆண்கள் அணியில் மட்டுமே. அவரைப்போல நடுக்களத்தில் ஆடிய கரோலின் சேகர், பெண்கள் அணிக்காக 200க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்.

கடைசி வரிசைகளை இழுக்காமல் எழுதுங்கள். 2015 முதல் 2017 வரை சூரிச்சின் கிராஸ்ஹாப்பர் கழகம். 2016 ஜூன் 22 அன்று நீஸ் நகரில் பெல்ஜியத்திடம் 0-1 எனத் தோற்றதோடு நாட்டு அணியிலிருந்து விடை. 2017இல் மீண்டும் யூர்கோர்டென், லீக்கில் மூன்றாம் இடம், ஓய்வு. பின்னாளில் அவர் சுவீடன் கால்பந்துக் கூட்டமைப்பின் கால்பந்துப் பிரிவுத் தலைவர் பொறுப்புக்கும் வந்தார். இவ்வகைப் பொறுப்புகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், 'தற்போது' என்ற சொல்லைத் தவிர்த்து, நீங்கள் சரிபார்த்த ஆண்டையே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.