பிரவுசர் அடிக்கடி ஸ்ரக் ஆகிறதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

போன கிழமை கொக்குவிலில் இருக்கிற மச்சாள் அழாக்குறையாகக் கோல் எடுத்தார். மகளின் கம்பஸ் விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்பிக்கொண்டிருந்தபோது திரை வெள்ளையாகி, மவுஸில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது. "ஆரோ சொல்லிச்சினம் எண்டு எல்லாத்தையும் அழிச்சுப் போட்டன், இப்ப பாஸ்வேர்ட் ஒண்டும் இல்லை, ஸ்ரக் ஆகிறதும் நிக்கேல்லை" என்றார்.

கனபேர் செய்கிற முதல் தவறு இதுதான். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் அழுத்தினால் வருகிற பெட்டியில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அழித்துவிடுகிறார்கள். பல பதிப்புகளில் அந்தப் பட்டியலுக்குள் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன, கூகுள் கணக்கில் சிங்க் (போனையும் கணினியையும் ஒரேமாதிரி வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் இங்கே அழிப்பது போனிலும் போய்விடும். கேஷை (தளங்கள் கெதியாகத் திறப்பதற்காகப் பிரவுசர் சேர்த்து வைக்கிற கோப்புகள்) அழிப்பது ஏதாவது ஒரு தளம் மட்டும் கோணல்மாணலாகத் திறக்கும்போது உதவும்; முழுப் பிரவுசரும் நின்றுபோவதற்கு அது அநேகமாக மருந்தே அல்ல. அழித்துத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கேஷுக்கு மட்டும் டிக் போடுங்கள், போதும்.

அதற்கும் முதல், எது தின்கிறது என்று பாருங்கள். குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மனேஜர் திறக்கும் (விண்டோஸில் இருப்பது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்). ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு சேர்த்துப் போடுகிற சின்னத் துணை மென்பொருள்) எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியூ எடுக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். சிபியூ என்ற தலைப்பில் ஒரு கிளிக் செய்தால் அதிகம் எடுப்பது மேலே வந்து நிற்கும். மச்சாளின் லப்டொப்பில் மேலே வந்தது எந்த டேப்பும் இல்லை, எப்போதோ பிடிஎஃப் மாற்றுவதற்கென்று போட்டுவிட்டு மறந்துபோன ஒரு எக்ஸ்டென்ஷன். அந்த வரியைத் தெரிவுசெய்து நிறுத்தினோம், விண்ணப்பப் பக்கம் உடனே அசைந்தது. பிறகு எக்ஸ்டென்ஷனையே கழற்றிவிட்டோம்.

சந்தேகம் இருந்தால் இன்கொக்னிட்டோவில் (வரலாற்றைச் சேமிக்காத தனி விண்டோ) திறந்து அரை மணித்தியாலம் வேலை செய்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுத்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். பயர்பொக்ஸில் உதவி மெனுவுக்குள் இதற்காகவே பிழைதிருத்தும் முறை என்று ஒன்று இருக்கிறது.

குரோமை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுவதும் வீண் வேலை. கணக்குக்குள் நுழைந்து சிங்க் ஆனதும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தானாக வந்து குந்திவிடும். செட்டிங்ஸில் இருக்கிற ரீசெட் இதைவிட நல்லது, எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தும், குக்கீஸை அழிக்கும், ஆனால் புக்மார்க்கிலும் பாஸ்வேர்டிலும் கை வைக்காது.

ஸ்ரக் ஆனவுடன் படபடவென்று கிளிக் செய்யாதீர்கள், அத்தனை கிளிக்கும் வரிசையில் காத்திருந்து பிறகு ஒன்றாகப் பாயும். பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். ரம் (RAM, கணினியின் மெமரி) கூட்டித் தருகிறோம் என்று வருகிற கிளீனர் மென்பொருள் எதையும் போடவே போடாதீர்கள். 4 ஜிபி ரம்மில் முப்பது டேப் திறந்தால் எந்தப் பிரவுசரும் திணறும், பாதியை மூடுவதுதான் வழி. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 2023இல் வந்த 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்குமேல் அப்டேட் தேடி அலைய வேண்டாம்.

வீடியோ பார்க்கும்போது மட்டும் நிற்கிறதென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் அக்சலரேஷனை (படம் காட்டும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் வசதி) நிறுத்திவிட்டு பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். லப்டொப் கொதித்து, ஃபேன் இரைகிறதென்றால் பிரச்சினை பிரவுசரில் இல்லாமலும் இருக்கலாம். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசு சும்மா விடாது, மச்சாளின் லப்டொப்பைக் கழற்றித் துடைத்தபோது ஃபேன் இதழ்களில் சிவப்பாகக் கம்பளிபோல் படிந்திருந்தது.