திரும்பி வரும் புடவை: எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் செய்யக்கூடாதவை

போன மாதம் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், திரும்பி வந்த பட்டுப்புடவை ஒன்றை உறையோடு வாங்கினான். பில்லைப் பார்த்தான், ஸ்டிக்கரைப் பார்த்தான், "சரிங்கக்கா" என்று சொல்லி அப்படியே ராக்கில் சொருகிவிட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். இறக்கிப் பிரித்துப் பார்த்தோம், சுத்தமாகத்தான் இருந்தது. அவன் அதிர்ஷ்டம்.

பில் தேதி பார், ஸ்டிக்கர் இருக்கிறதா பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது முதல் நாளே சொல்லித் தருவது.

பிரிக்காமல் ராக்கில் வைப்பது

அப்போது மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை ஓர் அம்மா வந்தார். "மகளுக்கு நிறம் பிடிக்கலை தம்பி." வியாழக்கிழமை எடுத்த புடவை, 9,400 ரூபாய். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்ததை யோசிக்கிற வயது எனக்கு இல்லை. மடிப்பு கச்சிதமாக இருந்தது. வாங்கி வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அதே புடவையை உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விற்றேன். நிச்சயதார்த்தப் புடவை. கடையில் கூட்டம், முந்தானையை மட்டும் விரித்துக் காட்டினேன். மறுநாள் காலையிலேயே பெண்ணின் அக்கா வந்து நின்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் பிரித்திருக்கிறார்கள். உள்மடிப்பில் மஞ்சள் கறை, தோள் பக்கம் ஊக்குத் துளைகள்.

அதற்கு நான் சொன்னது: "நீங்க கட்டிட்டுக் கொண்டாந்திருக்கீங்க."

அவர் சத்தம் போடவில்லை. கைக்குட்டையைப் பிரித்து, மடிப்புக்குள் கிடைத்த ஒரு மல்லிகை இதழைக் கவுண்டரில் வைத்தார். பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. "நேத்து சாயங்காலம்தான் பில்லு போட்டீங்க. பூ ஒரு ராத்திரியில இப்படிக் காயுமா தம்பி?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் சம்பளத்தில் ஆறு மாதம் பிடித்தார். அந்த முதல் அம்மா தீபாவளிக்குச் சிரித்த முகத்தோடு மறுபடி வந்தார். நான்தான் புடவை எடுத்துப் போட்டேன். இன்னும் எரிகிறது.

விசேஷத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பித் தருவது தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் தலையில் கட்டியது நான். அதற்கு மேல் அவளையே திருடியாக்கப் பார்த்தேன்.

ஆகவே, கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே முழுப் புடவையையும் பிரியுங்கள். முந்தானை தோளில் விழும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊக்குத் துளை பொட்டுப் பொட்டாகத் தெரியும். கீழ்க்கரையில் அழுக்கும் கொலுசு இழுத்த இழையும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபால்ஸ் தைத்துப் பிரித்திருந்தால் ஊசித்தடம் வரிசையாக நிற்கும். கடைசியாக மோந்து பாருங்கள். சாம்பிராணி, சென்ட், வியர்வை எதுவும் இரண்டு நாளில் பட்டை விட்டுப் போகாது.

கண்ணாடி முன்னால் ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தால் கொசுவ மடிப்பு கொஞ்சம் விழும். அது கட்டினதாக ஆகாது, எடுத்துக்கொள்ளுங்கள். கட்டினதுதான் என்று உறுதியானால், "அக்கா, இதை இனி புதுசுன்னு இன்னொருத்தருக்கு விற்க முடியாது" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பொய் சொன்னார் என்று நிரூபிப்பது நம் வேலையில்லை.

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது"

பில்லில் இந்த வரி இருப்பதால் தப்பித்தோம் என்று நினைக்கிற முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். நிறம் பிடிக்கவில்லை என்று வருபவருக்கு மாற்றிக் கொடுப்பது கடையின் விருப்பம். கொடுப்பதாகச் சொல்லி விற்றிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இழை விட்டது, சாயம் போவது, கிழிசல் என்றால் கதையே வேறு. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். 1915 என்ற உதவி எண் இப்போது பல வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். நம் கவுண்டர் பையன்களுக்குத்தான் தெரிவதில்லை.

குறையுள்ள துணிக்கு கிரெடிட் நோட் நீட்டுவது

பிறகு வந்து வேறு துணி எடுத்துக்கொள்ளச் சொல்லும் அந்தச் சீட்டு வேண்டாம், பணத்தைக் கொடுங்கள். வரியோடு சேர்த்து.

ஆளைப் பார்த்து விதி மாற்றுவது

காரில் வந்து இறங்குபவருக்கு இருபதாம் நாளும் "பரவால்ல சார்". மஞ்சப்பையோடு மூன்றாம் நாள் வருகிற பாட்டியிடம் ஒன்பது கேள்வி. எனக்குத் தெரிந்து, கட்டிவிட்டுத் திருப்புகிறவர்களில் பாட்டிகள் குறைவு. பாட்டிக்கு அந்தத் துணிச்சல் வராது, பஸ் காசும் வீண்.

உள்ளாடை

குறை இருந்தாலொழிய எடுக்காதீர்கள். விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு அடுத்த வாரம்

புதுப் பையனைக் கவுண்டரில் தனியாக நிறுத்தாதீர்கள்.