சிரிப்புத் துப்பறியும் கதையில் எந்தப் பொய் செல்லும்?

நகைச்சுவை கலந்த துப்பறியும் கதை எழுதுவோர், கதை முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய பொய்யைத் தேர்ந்தெடுத்து, அதை முதல் சில பக்கங்களுக்குள்ளேயே கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வைரக் கடத்தல் கும்பலைத் துரத்துகிறார் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், வாசகர் புன்னகையோடு ஏற்றுக்கொள்வார். அவநம்பிக்கையை மனமுவந்து ஒத்திவைத்தல் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-இல் எழுதியது இத்தகைய உடன்பாட்டைத்தான். தற்செயல் நிகழ்வுகள் தபால்காரரைச் சிக்கலில் மாட்டிவிடலாம், ஆனால் அவரை மீட்கக் கூடாது.

வாசகர் மன்னிக்காதவை சிறிய பொய்கள். துப்பாக்கியில் பொருத்தும் ஒலிகுறைப்பான், ஏறத்தாழ 160 டெசிபல் அளவுள்ள வெடியோசையை 20 முதல் 35 டெசிபல் வரையே குறைக்கும் என்பதால், பக்கத்து அறையில் உறங்குபவர் விழிக்காமல் இருக்க வழியில்லை. குளோரோஃபாம் என்னும் மயக்க மருந்தில் நனைத்த கைக்குட்டையும் நொடியில் எவரையும் சாய்த்துவிடாது. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். இந்த இடைஞ்சலை மறைப்பதைவிட நகைச்சுவையாக்குவதே எனக்குப் பிடித்த உத்தி: அழுத்திப் பிடித்திருக்கும் தபால்காரருக்குக் கை கடுக்கட்டும், பிடிபட்டவர் அதற்குள் இரண்டு முறை தும்மட்டும்.