கொதிக்க வைத்த பழத்தில் வைன் தெளியாது

கார்த்திகை பிறந்ததும் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் வைனுக்கான பரணிகள் கழுவி வெயிலில் கவிழ்க்கப்படுகின்றன. முதன்முறையாகச் செய்யும் பலர், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். ஈரப் பரணி, அழுகிய பழம் போன்றவை யாவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழத்தைக் கொதிக்க வைத்தல்

கிருமி சாகட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் பழத்தின் செல் சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டினை, பழம் கனியும்போது சிறிது சிறிதாக வெட்டுபவை பழத்திலேயே உள்ள நொதிகள். நொதிகள் புரதங்கள் என்பதால், அவற்றில் பெரும்பாலானவை கொதிசூட்டில் மடிப்பு குலைந்து செயலிழந்துவிடும். அதே சூடு பெக்டினை மேலும் மேலும் சாற்றில் இறக்குகிறது. ஜெல்லி இறுகுவதற்காகக் கொய்யாவை வேகவைப்பதன் காரணம் இதுவே. வைனுக்கோ அது கேடு; சாற்றில் தங்கிய பெக்டின் வைனைத் தெளியவிடாமல் கலங்கலாக்கும். வைன் ஈஸ்டுகளில் பெரும்பாலானவற்றால் பெக்டினைப் போதிய அளவு உடைக்க இயலாது.

குலசேகரம் அருகே ஓர் இளம் தம்பதியர் தோட்டத்துக் கொய்யாவை ஒரு குட்டுவம் நிறைய வேகவைத்து, கடையில் வாங்கிய பெக்டினேஸ் பொடியையும் (பெக்டினை வெட்டும் நொதி) ஆவி அடங்குவதற்குள் தூவிவிட்டார்கள்; அந்த நொதியும் சூட்டில் செயலிழந்தது. மாதங்கள் கடந்தும் வைன் கஞ்சித் தண்ணீர் போலவே இருந்தது. பிறகு முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினார்கள். அது டானின் என்ற துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அடியில் படியுமே ஒழிய, பெக்டினைத் தொடாது. நான் ஒரு தேக்கரண்டி வைனை எடுத்து மூன்று தேக்கரண்டி ஸ்பிரிட்டில் விட்டேன். வழுவழுப்பான இழைகள் திரண்டு எழுந்தன. அது பெக்டின் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். (சோதித்த அந்தக் கலவையைக் கொட்டிவிட வேண்டும், அதைக் குடிக்கக் கூடாது.) ஓர் ஆண்டின் விளைச்சல் தென்னை மூட்டில் போனது. “வேகவைத்து ஆறவிடுக” என்று இன்றும் எழுதிக் கொடுக்கப்படும் செய்முறைகளின் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

பழத்தைப் பச்சையாகவே பிசைய வேண்டும். கிருமிக்கு அஞ்சினால், லிட்டருக்கு சுமார் 0.1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போதும். அரை நாள் கழித்துப் பெக்டினேஸ், அதற்கும் அரை நாள் கழித்து ஈஸ்ட் என்ற வரிசையை மாற்றக் கூடாது; ஆல்கஹால் கூடக்கூட பெக்டினேஸின் வேகம் குறையும்.

சூடான சாற்றில் ஈஸ்ட்

உயிருள்ள செல் இல்லாமல், ஈஸ்டைப் பிழிந்த சாற்றைக் கொண்டே சர்க்கரையை நொதிக்க வைக்கலாம் என்று எடுவர்ட் புக்னர் 1897இல் காட்டினார். ஈஸ்டின் வேலையும் நொதிகளின் வேலையே. கை பொறுக்காத சூடு அதற்கும் ஆகாது.

சர்க்கரை முழுவதையும் முதல் நாளே கொட்டுதல்

ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரை என்பது நம் பக்கத்து வழக்கம். ஈஸ்டின் இன்வர்டேஸ் நொதி அந்தச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாகிறது. அளவு மிஞ்சினால், செல்லிலிருந்து நீர் வெளியேறிவிடாமல் காத்துக்கொள்ள ஈஸ்ட் கிளிசராலைக் கூடுதலாக உண்டாக்குகிறது, அதோடு அசிட்டிக் அமிலமும் கூடுகிறது. நொதித்தலும் பாதியில் நின்றுபோகலாம். இரண்டு மூன்று தவணையாகச் சேர்ப்பதே நல்லது.

அழுகிய முட்டை நாற்றம்

ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதவில்லை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். தொடக்கத்திலேயே ஈஸ்ட் சத்துப்பொடி இடுக.

நுரை அடங்கிய பின்னும் கிளறுதல்

காற்று புகும், வைன் வினிகராகும்.

மூடியை இறுக்குதல்

நொதித்தல் முடியாத குப்பி வெடிக்கும்.