விக்டோரியா காலத்து மோதிரம் வாங்கப் போகிறீர்களா? கல்லைக் கடைசியில் பாருங்கள்

பழைய மோதிரம் கையில் கிடைத்ததும் யாருக்கும் கண் கல்லுக்குத்தான் போகும். அதைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன். விக்டோரியா அரசி ஆண்ட 1837–1901 காலத்து மோதிரங்களுக்கு இன்று இவ்வளவு மவுசு இருக்கிறதென்றால், பட்டை தீட்டியதில் பெரும்பகுதி கைவேலை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அந்த மவுசினாலேயே பாதி பழசு பாதி புதுசாக ஒட்டுப்போட்டதும் சந்தையில் நிறைய. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைலென்ஸ்) ஒன்று போதும், ஆரம்பிக்கலாம்.

முதல் வேலை, வளையத்தின் உட்பக்கம். 15 என்றும் பக்கத்தில் .625 என்றும் குத்தியிருந்தால் நல்ல செய்தி, ஏனென்றால் பிரிட்டனில் 15 கேரட் தங்கத்துக்கு (24இல் 15 பங்கு தங்கம், அதுதான் .625) 1854இல்தான் அனுமதி வந்தது, 1932இல் அது போய்விட்டது. தங்கத்தைச் சோதித்து முத்திரை குத்திய ஊரும் தெரியும்: நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். முத்திரையே இல்லையா? உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள், விரல் அளவு மாற்ற வெட்டியபோது போயிருக்கலாம். வளையத்தின் மேல் மெல்ல மூச்சை ஊதிப் பாருங்கள், ஆவி படரும்போது பற்றவைத்த இடம் சில சமயம் தனிக் கோடாகத் தெரியும்.

அடுத்து, பின்பக்கம். நம் பாட்டிகளின் வைரத்தோடு மாதிரியே, அந்தக் காலத்தின் முற்பகுதி மோதிரங்கள் பலவும் குளோஸ் செட்டிங்தான். கல்லுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடு வைத்து மூடியிருப்பார்கள், பளபளப்பே அதிலிருந்துதான் வரும். இது தெரியாமல் என் முதல் கார்னெட் மோதிரத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மாதுளை முத்து மாதிரி இருந்த கல் இரண்டே நாளில் காய்ந்த ரத்தம் மாதிரி மங்கிவிட்டது, உள்ளே போன தண்ணீர் தகட்டைக் கறுக்கவைத்துவிட்டது. பின்பக்கம் மூடியிருந்தால் உலர்ந்த மெல்லிய துணி மட்டும்தான், சரியா?

இப்போது கல். சிவப்புக் கல்லுக்குள் இசைத்தட்டின் வரி போல வளைந்த கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் வெர்னூய் முறையில் உருக்கிச் செய்த செயற்கை ரூபி. அந்த முறை வெளியானது 1902இல், அதாவது அரசி இறந்த பிறகு. கல்லை மாற்றியிருக்கிறார்கள், அல்லது மோதிரமே பிந்தியது.

எனக்குப் பிடித்த வகை ஒன்று: ரூபி, எமரால்ட், கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டயமண்ட் என்று ஆறு கல் வரிசையாக இருக்கும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரிகார்ட்', அன்பு, மதிப்பு என்று பொருள். நடுவில் யாராவது வேறு கல்லைச் செருகியிருந்தால் எழுத்துப்பிழை வந்துவிடும், மாட்டிக்கொள்வார்கள்!

வாங்கியாச்சு என்றால் கல்லைப் பிடித்திருக்கும் நகங்களை ஆசாரியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், நூற்றைம்பது வருடத் தேய்மானம். முத்து, ஓபல், டர்க்காய்ஸ் இருந்தால் நகை சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட விடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும்போது கழற்றிவிடுங்கள், ஆனால் சிங்க் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.